கிரே நர்ஸ் சுறாவா, அமெரிக்கப் புதைவண்டா: ஒரே ஒரு தொகை, யாருக்குக் கொடுப்பது?

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை ஒதுக்குகிறோம். அழிந்துகொண்டிருக்கும் ஏதாவது ஓர் உயிரினத்தைக் காக்க அது போகும். முழுத் தொகையும் ஒரே இடத்துக்குத்தான் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. பிரித்துக் கொடுத்தால் எங்கேயும் உருப்படியாக ஒன்றும் நடக்காது என்று ஆரம்பத்திலேயே பேசிவைத்துக்கொண்டோம். இந்த முறை பட்டியல் சுருங்கிச் சுருங்கி இரண்டு பெயர்களில் வந்து நின்றது. ஒன்று ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் வாழும் கிரே நர்ஸ் சுறா. மற்றது அமெரிக்கப் புதைவண்டு. முன்னது மூன்று மீட்டருக்கு மேல் வளரும். பின்னது அதிகம் போனால் 45 மில்லிமீட்டர். குழுவில் முக்கால்வாசிப் பேர் சுறாவின் பக்கம். வண்டுக்குப் பணமா என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார். அவருக்குப் பதில் சொல்லப் படிக்கத் தொடங்கி, படித்ததையும் அதிலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவையும் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பக்கத்து உயிர் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாண்டிச்சேரி சுறா என்றே ஓர் இனம் இருக்கிறது. 1839-ல் அறிவியல் உலகம் அதை அறிந்துகொண்டது. உலக அருங்காட்சியகங்கள் அத்தனையும் சேர்த்து இருபது மாதிரிகள்கூடத் தேறாது. 2001-லிருந்து இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றிருக்கிறது. ஆனால் 1979-க்குப் பிறகு அதைப் பற்றி உறுதியான பதிவு எதுவும் இல்லை. மீன் இறங்குதளங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து தேட வேண்டிய வேலை அது. எங்கள் தொகைக்கு அது தாங்காது என்பதால்தான், மனசில்லாமல், முதல் சுற்றிலேயே விட்டோம்.

சரி, இந்த இரண்டுக்கு வருவோம். ஐயூசிஎன் என்ற பன்னாட்டு அமைப்பு வெளியிடும் செம்பட்டியலில் இரண்டுக்கும் ஒரே முத்திரைதான்: மிக அருகிய இனம். அதை வைத்து இரண்டின் நிலைமையும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது. சுறாவுக்கான மதிப்பீடு அண்மையில் செய்தது. உலகிலுள்ள சுறா, திருக்கை வகைகள் ஏறக்குறைய 1,200-ஐயும் விடாமல் ஆராய்ந்து, மூன்றில் ஒரு பங்கு அழியும் ஆபத்தில் இருப்பதாக 2021-ல் அறிவித்தார்கள். வண்டின் முத்திரையோ 1996-ல் குத்தியது. பெயர் வைக்கப்பட்ட வண்டினங்களே 4,00,000 அளவில் இருக்க, செம்பட்டியலுக்காக யாராவது உட்கார்ந்து மதிப்பிட்டவை அவற்றில் மிகச் சொற்பம். சுறாக்களைப் பொறுத்தவரை அழியும் நிலையில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஓரளவு தெரியும். வண்டுகளில் பெரும்பாலானவை எப்படி இருக்கின்றன என்று பார்க்கவே ஆள் போகவில்லை. அதனால் முத்திரையை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டும் எப்படி வாழ்கின்றன, எதனால் சாகின்றன, பணத்தால் என்ன மாறும் என்று மட்டும் பார்த்தேன்.

கிரே நர்ஸ் சுறாவைப் படத்தில் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். வாய் மூடியிருந்தாலும் பற்கள் வரிசை தப்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தென்னாப்பிரிக்காவில் ராகட்-டூத் என்றும் அமெரிக்காவில் சாண்ட் டைகர் என்றும் சொல்வது இதே இனத்தைத்தான். பார்வைக்கு இப்படியே தவிர சாதுவான பிராணி. பகல் முழுக்கக் கடலடிப் பாறை இடுக்குகளிலும் மணல் பள்ளங்களிலும் கிட்டத்தட்ட அசையாமல் மிதந்துகொண்டிருக்கும். மற்ற மீன்களுக்கு இருப்பதுபோல் சுறாக்களுக்குக் காற்றுப்பை கிடையாது. இது மட்டும் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்கிறது. அதனால் மூழ்காமலும் மேலே எழும்பாமலும் ஒரே இடத்தில் நிற்க முடிகிறது. இரையைத் தேடுவது பெரும்பாலும் இரவில்.

அந்தப் பல்வரிசைதான் அதற்கு எமனாக வந்தது. 1950-களிலும் 60-களிலும் ஆளைத் தின்னும் சுறா என்று பழி சுமத்தி, ஈட்டித் துப்பாக்கியாலும் நுனியில் வெடி பொருத்திய கோலாலும் கொன்று குவித்தார்கள். ஓடாமல் நிற்கிற விலங்கு, பகலில் எங்கே கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். கொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது. பழி பொய் என்று தெரிவதற்குள் கூட்டம் கூட்டமாகப் போய்விட்டன. 1984-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதைக் கொல்வதற்குத் தடை போட்டது. சட்டப் பாதுகாப்புப் பெற்ற முதல் சுறா என்று உலகளவில் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். தடை வந்து 40 ஆண்டுகள் ஆன பிறகும் ஏன் தேறவில்லை என்பதற்கான விடை தாயின் வயிற்றுக்குள் இருக்கிறது.

பெண் சுறாவுக்கு இரண்டு கருப்பைகள். ஒவ்வொன்றிலும் பல கருக்கள் உண்டாகும். அவற்றில் முதலில் வளர்ந்து பல் முளைத்தது எதுவோ, அது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளம் வந்ததும் உடன்பிறப்புகளைத் தின்னத் தொடங்குகிறது. எல்லாம் தீர்ந்த பிறகு தாய் தொடர்ந்து விடும் கருவுறாத முட்டைகளைத் தின்று வளர்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் கழித்து, கருப்பைக்கு ஒன்றாக இரண்டே குட்டிகள் வெளியே வரும். பிறக்கும்போதே ஒரு மீட்டர் நீளம் இருப்பதால் பெரிய மீன்களுக்கு இரையாகும் ஆபத்து குறைவு. அந்த வகையில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு தாய் ஈனுவது இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. பெண் குட்டி தாயாகும் பருவத்துக்கு வர ஒன்பது, பத்து வயதாகும். கணக்குப் போட்டால் வளர்ந்த ஒரு பெண் சுறாவுக்கு ஆண்டுக்குச் சராசரி ஒரு குட்டி, அதுவும் அதிகபட்சம். வயிற்றில் நடக்கும் இந்த வேட்டையைத் தவிர்த்து அதிகக் குட்டிகளைப் பிழைக்கவைக்க முடியுமா என்றுகூட முயன்றிருக்கிறார்கள். போர்ட் ஸ்டீபன்ஸ் மீன்வள ஆய்வகத்தில் செயற்கைக் கருப்பை ஒன்றை உருவாக்கி, வொப்பெகாங் என்ற வேறொரு சுறாவின் கருக்களை அதில் வைத்துப் பார்த்தார்கள். கிரே நர்ஸ் கூட்டத்தைக் கூட்டித் தரும் அளவுக்கு அது வளரவில்லை.

ஆக, இந்தச் சுறாவைப் பெருக்க முடியாது. சாகாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும்.

இன்றைக்கு அதைக் கொல்வது ஈட்டி இல்லை, தூண்டில் முள். வேறு மீனுக்குப் போட்ட இரையை இது விழுங்கிவிடுகிறது. முக்குளிப்போர் எடுத்த படங்களில், தாடையோரம் முள் குத்தி, அதிலிருந்து தங்கூசி நரம்பு பின்னால் இழுபட்டபடி நீந்தும் சுறாக்களைக் காணலாம். வெளியே தெரிவதைவிட உள்ளே தெரியாமல் இருப்பதுதான் மோசம். விழுங்கிய முள் இரைப்பையைக் கிழிக்கும், புண் புரையோடும், மெல்ல மெல்லச் சாகும். எங்கள் குழுவில் ராமேஸ்வரம் பக்கத்து நண்பர் ஒருவர் இருக்கிறார், கடல் தொழில் பார்த்த குடும்பம். இந்தப் பகுதியை வாசித்துக் காட்டியபோது, “முள்ள முழுங்கிட்டுப் போன மீனு பொழைக்காதுண்ணே, அது எங்கியாச்சும் போயி ஒதுங்கிரும்” என்றார். அவர் சுறாவுக்குத்தான் ஓட்டுப் போட்டார். காரணமும் அதுவேதான்.

இதற்கு மேல் கடற்கரைகளில் போடும் சுறா வலைகள். நியூ சவுத் வேல்ஸில் 1937-லிருந்து குளிக்கிறவர்களின் பாதுகாப்புக்காக வலை விரிக்கிறார்கள். எந்தச் சுறா என்று வலைக்குத் தெரியாது.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் முக்குளித்து எண்ணியபோது கிழக்குக் கரை முழுவதிலும் 300 அளவில்தான் தேறின. 2018-ல் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் வேறு வழியில் கணக்கிட்டார்கள். சுறாக்களின் திசுத் துணுக்குகளைச் சேகரித்து, எது எதற்குத் தாய், எது எதற்கு ஒரே பெற்றோர் என்று மரபணு வழியாக உறவுமுறை கண்டுபிடித்தார்கள். உறவினர் எவ்வளவு அடிக்கடி அகப்படுகிறார்களோ அவ்வளவு சிறியது அந்தக் கூட்டம். அந்தக் கணக்கில் வளர்ந்த சுறாக்கள் 2,000-ஐ ஒட்டி வந்தன. 300 என்பது 2,000 ஆகப் பெருகிவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. முன்னது கண்ணால் கண்ட எண்ணிக்கை, பின்னது காணாததையும் சேர்த்து மதிப்பிட்டது. ஆனாலும் கூட்டம் மெல்லக் கூடிவருகிறது என்றே ஆய்வு சொல்கிறது. கிழக்குக் கரைக் கூட்டமும் மேற்குக் கரைக் கூட்டமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதால், கிழக்கில் அழிந்தால் மேற்கிலிருந்து வந்து நிரப்பப்போவதும் இல்லை.

இப்போது வண்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் குழுவில் ஒருவருக்கும் இதைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

பளபளக்கும் கருப்பு உடல், சிறகுமூடிகளில் ஆரஞ்சு நிறப் பட்டைகள், தலைக்குப் பின்னால் முதுகுக் கேடயத்திலும் ஒரு பெரிய ஆரஞ்சு வட்டம். அந்த வட்டம் இருந்தால் அமெரிக்கப் புதைவண்டு. மற்றப் புதைவண்டுகளுக்கு அது கிடையாது. வேலை செய்வது இரவில். செத்துக் கிடக்கும் சிறு பறவையையோ எலியையோ உணர்கொம்பால் வெகு தொலைவிலிருந்தே மோப்பம் பிடித்துப் பறந்து வரும். பல வண்டுகள் வந்து சேர்ந்தால் சண்டை. ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் மோதி, கடைசியில் ஒரு ஜோடி மட்டும் மிஞ்சும். அந்த இரண்டும் பிணத்துக்கு அடியில் போய் மல்லாக்கப் படுத்துக் கால்களால் உந்தி அதை நகர்த்தும். மண் இறுகலாக இருந்தால் இளக்கமான இடம் வரை தள்ளிக்கொண்டு போகும். தன் எடையைப் போல் பல பத்து மடங்கு கனமான உடலை விடிவதற்குள் மண்ணுக்கடியில் இறக்கிவிடும்.

உள்ளே போனதும் இறகையோ ரோமத்தையோ உரித்து, சதையை உருண்டையாக்கி, வாயிலிருந்தும் மலவாயிலிருந்தும் சுரக்கும் நீரைப் பூசும். அழுகல் தள்ளிப்போகும். பக்கத்து மண்ணில் பெண் முட்டையிடும். வண்டின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வரும் நுண்ணிய உண்ணிகள், பிணத்தின் மேல் ஈக்கள் இட்ட முட்டைகளைத் தின்று தீர்க்கும். சில நாளில் புழுக்கள் பொரித்ததும், தாயும் தகப்பனும் உடலை உரசி ஒலி எழுப்ப, அவை உருண்டைக்கு வந்து சேரும். பறவை குஞ்சுக்கு ஊட்டுவதுபோல் தாங்கள் தின்றதை வாயால் எடுத்து ஊட்டும். பூச்சி உலகில் பெற்றோர் இருவருமே கூட இருந்து பிள்ளை வளர்ப்பது மிக அபூர்வம். அதே பெற்றோர்தாம், புழுக்கள் அதிகமாகி இரை போதாது என்று தோன்றினால் சிலவற்றைத் தின்றும் விடுகின்றன. இருக்கிற சதைக்கு எத்தனை பிள்ளைகள் நன்றாக வளருமோ அத்தனையை மட்டும் விட்டுவைக்கும். பெரும்பாலும் ஒரு டசனுக்குச் சற்று மேல்.

சுறாவின் வயிற்றில் நடப்பதும் மண்ணுக்கடியில் நடப்பதும் ஒரே மாதிரித் தெரியலாம். விளைவு நேர் எதிர். அங்கே எவ்வளவு இரை இருந்தாலும் இரண்டு குட்டிதான். இங்கே நல்ல பிணம் ஒன்று கிடைத்தால் ஒரே கோடையில் பத்து, பதினைந்து புது வண்டுகள். முட்டையிலிருந்து முழு வண்டாக இரண்டு மாதம் போதும். ஆயுள் ஏறக்குறைய ஓராண்டு. ஒரு குளிர்காலத்தை மண்ணில் புதைந்து கழித்து, அடுத்த கோடையில் பிள்ளை பெற்று முடிந்துவிடும். வேகமாகப் பெருகும், அதே வேகத்தில் இல்லாமலும் போகும்.

இல்லாமல் போனதன் அளவு திகைப்பூட்டுகிறது. ஒருகாலத்தில் 35 அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவின் 3 மாகாணங்களிலும் இருந்த வண்டு இது. 1989-ல் அமெரிக்க அரசு அழியும் உயிரினங்கள் சட்டத்தின் கீழ் இதைச் சேர்த்தபோது தெரிந்தவை இரண்டே இரண்டு கூட்டங்கள்: ரோட் ஐலண்டைச் சேர்ந்த பிளாக் ஐலண்ட் என்ற சின்னத் தீவில் ஒன்று, ஓக்லஹோமாவின் கிழக்கில் ஒன்று. பிறகு தேடித்தேடி நெப்ராஸ்கா, கன்சாஸ், ஆர்கன்சா, தெற்கு டகோட்டா என்று சில இடங்களில் கண்டுபிடித்தார்கள்.

ஏன் அழிந்தது என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. இந்த வண்டுக்கு எந்தப் பிணமும் ஆகாது. 80 முதல் 200 கிராம் எடையுள்ளது வேண்டும். சுண்டெலி சிறிது, முயல் பெரிது. அந்த அளவில் காட்டில் மலிந்து கிடந்தவை பயணிப் புறாக்களின் குஞ்சுகள். கோடிக்கணக்கில் இருந்த அந்தப் புறாக்களைச் சுட்டே தீர்த்தார்கள். கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் செத்தது. காடும் புல்வெளியும் துண்டு துண்டானதும், ரக்கூன், நரி மாதிரி பிணம் தின்னிகள் பெருகி வண்டுக்கு முன்னால் வந்து தூக்கிக்கொண்டு போகத் தொடங்கின. இரவு விளக்குகள், பூச்சிமருந்து என்று வேறு சந்தேகங்களும் உண்டு. பிளாக் ஐலண்டில் அது பிழைத்ததைப் பார்த்தால் இரையும் போட்டியும்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. அந்தத் தீவில் ரக்கூனும் நரியும் இல்லை. வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட ஃபெசன்ட் கோழிகள் பெருகி, அவற்றின் குஞ்சுகள் சரியான எடையில் செத்துக் கிடக்கின்றன. தீவின் நிலத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் கட்டடம் வராமல் காக்கப்பட்டிருக்கிறது.

இனி முடிவுக்கு வேண்டிய கேள்வி: எங்கள் பணம் போனால் எங்கே என்ன நடக்கும்?

சுறாவின் விஷயத்தில் கொல்வது எது என்று தெளிவாகத் தெரியும், நிறுத்தும் வழியும் தெரியும். ஃபிஷ் ராக், ஜூலியன் ராக்ஸ், சிட்னியின் மேஜிக் பாயின்ட், கருவுற்ற பெண் சுறாக்கள் மட்டும் கூடும் குயின்ஸ்லாந்தின் உல்ஃப் ராக் என்று அவை கூடும் இடங்கள் கைவிட்டு எண்ணக்கூடியவை. அந்த இடங்களைச் சுற்றி இரை வைத்துத் தூண்டில் போடுவதை முழுதாக நிறுத்தினால் பெரும் பாரம் குறையும். சில இடங்களில் ஓரளவு தடை இருக்கிறது. தடையின் எல்லையை இன்னும் விரிப்பதா என்ற இடத்தில்தான் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களும் பாதுகாப்பு ஆர்வலர்களும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். வலைகளை எடுப்பதும் அரசு முடிவு. மரபணு ஆய்வு அரசு நிறுவனத்தின் செலவு. இந்த மூன்றுக்கும் எங்கள் தொகை யானைப் பசிக்குச் சோளப்பொரி. அங்கே தேவைப்படுவது அந்தக் கரையில் வாழ்கிறவர்களின் குரலும் நடத்தையும்.

வண்டுக்கு நிலைமை வேறு. 1990-களிலிருந்தே பிராவிடன்ஸ் நகரின் ரோஜர் வில்லியம்ஸ் பூங்காக் காட்சிசாலையிலும், பிறகு செயின்ட் லூயிஸ் காட்சிசாலையிலும் இதை வளர்க்கிறார்கள். மண் நிரப்பிய வாளி, செத்த காடை ஒன்று, ஒரு ஜோடி வண்டு. வேண்டிய கருவிகள் இவ்வளவுதான். 1970-களுக்குப் பிறகு மிசூரி மாநிலத்தில் இந்த வண்டைக் கண்டவர் இல்லை. 2012-ல் அங்கே வா-கோன்-டா புல்வெளியில் கொண்டுபோய் விட்டார்கள். செய்முறையை நான் ஆசையாகப் படித்தேன். புல்லைக் கரணையோடு பெயர்த்துக் குழி எடுக்கிறார்கள். அடியில் காடையை வைத்து, சிறகுமூடி விளிம்பில் சின்ன வெட்டுக்குறி போட்ட ஆண், பெண் வண்டுகளை இறக்கி, கரணையை மேலே மூடிவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் கொழுத்த புழுக்கள் இருக்கும். பலன் இரண்டு வாரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. சுறாவுக்காக இன்று செய்யும் ஒரு காரியத்தின் பலனைப் பார்க்க அடுத்த தலைமுறைப் பெண் சுறா தாயாக வேண்டும், பத்தாண்டு.

இதோடு நிறுத்தினால் வண்டின் பக்கம் சாய்ந்து பேசியதாகிவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த நான்டக்கெட் தீவில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1994-லிருந்து பல ஆண்டுகள் அங்கே வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தொடர்ந்து காடைகளும் போட்டார்கள். வண்டுகள் பெருகின. காடை போடுவதைக் குறைத்ததும் எண்ணிக்கை சரிந்தது. நாம் சோறு போடும் வரைதான் அது வாழும் என்றால் அதை மீட்டதாகச் சொல்ல முடியாது. இந்த ஒரு தகவலால் நான் கிட்டத்தட்ட மனம் மாறியிருந்தேன்.

மாறாமல் இருந்ததற்குக் காரணம் நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும். அங்கே யாரும் காடை போடவில்லை; வண்டு தானாகவே வாழ்கிறது. பெரிய, துண்டாகாத புல்வெளி அங்கே இருக்கிறது. அதில் கூடு கட்டும் பறவைகளும் கொறிவிலங்குகளும் சரியான எடையில் பிறந்து சாகின்றன. ஆக, வண்டுக்கான பணத்தைக் காடைக்குக் கொடுப்பதைவிட நிலத்துக்குக் கொடுப்பதுதான் சரி. புல்வெளிக்குள் படர்ந்துவரும் மரங்களை வெட்டி நீக்க, காலம் பார்த்துத் தீயிட்டுப் புல்லைப் புதுப்பிக்க, இரண்டு துண்டு நிலங்களுக்கு நடுவே கிடக்கும் மூன்றாவதைச் சேர்க்க. சிறு தொகை இங்கே வீணாகாது. ஓர் ஏக்கரைச் சீர்செய்தால் அந்த ஏக்கரில் வண்டு மட்டும் வாழப்போவதில்லை. அது புதைக்கும் பறவையும் முதலில் அங்கே வாழ்ந்தாக வேண்டும்.

குழுவில் எழுந்த ஓர் ஆட்சேபம் வலுவானது. 2020-ல் அமெரிக்க அரசே வண்டை அழியும் நிலையிலிருந்து ஆபத்து நிலைக்கு ஒரு படி இறக்கிவிட்டதே, தேறிவரும் உயிருக்கு எதற்குப் பணம்? அந்த முடிவின் உள்ளே போய்ப் பார்த்தால் வேறு சித்திரம் கிடைக்கிறது. புதிய கூட்டங்கள் கண்டுபிடிக்கப்பட்டன என்பது உண்மை. அதே அரசு ஆய்வுதான், புவி வெப்பமாவதால் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிவாக்கில் தென் சமவெளியின் கூட்டங்கள் தாங்காமல் போகக்கூடும் என்றும் சொல்கிறது. ஓக்லஹோமா அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. எண்ணெய், எரிவாயு எடுக்கும் பூமியும் அதுவே. வண்டைப் பட்டியலிலிருந்தே எடுக்கச் சொல்லி மனுப் போட்டவர்களில் அத்துறையின் அமைப்புகள் இருந்தன. படி இறக்கியதோடு அந்தப் பகுதியில் பல வேலைகளுக்குக் கட்டுப்பாடும் தளர்ந்தது. ஆபத்து வரும் திசை தெரிந்த பிறகு காவலைக் குறைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். சுறாவுக்குச் சட்டக் காவல் அப்படியே இருக்கிறது, கூட்டமும் கூடுகிறது.

இன்னொன்று, இது கணக்குக்குள் அடங்காதது. சுறாவுக்காகப் பேச உலகமெங்கும் ஆள் இருக்கிறது. அதைப் பார்க்கவென்றே பணம் கட்டி முக்குளிக்கிறார்கள். பிணம் தின்னும் வண்டுக்காகக் கை தூக்குகிறவர்கள் குறைவு. அப்படித் தூக்கியவர்களில் நியூபோர்ட் நகரப் பள்ளிப் பிள்ளைகள் உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விடாமல் கேட்டுக் கேட்டு, 2015-ல் ரோட் ஐலண்டின் மாநிலப் பூச்சியாக இந்த வண்டை அறிவிக்கவைத்தார்கள். அழகில்லாத ஓர் உயிரின் அருமையை எட்டு வயதில் புரிந்துகொண்ட அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

என் ஓட்டு வண்டுக்கு. அதுவும் காட்சிசாலைக்கு அல்லாமல் புல்வெளிக்கு.

இதே முடிவு எல்லாருக்கும் பொருந்தாது. நீங்கள் சிட்னியிலோ பிரிஸ்பேனிலோ இருந்துகொண்டு வார இறுதியில் தூண்டில் போடுகிறவர் என்றால், சுறாதான் உங்கள் பொறுப்பு, பணம்கூட வேண்டாம். சுறாக்கள் கூடும் பாறைகளை விட்டுத் தள்ளிப் போய்ப் போடுங்கள். துருப்பிடித்து உதிரக்கூடிய வட்ட முள்ளாக வாங்குங்கள். துருவேறாத எஃகு முள் வேண்டாம். தப்பித்தவறிச் சுறா மாட்டினால் படகில் ஏற்றிப் படம் எடுக்காமல், தண்ணீரிலேயே வைத்து முள்ளுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகத் தூண்டில் நரம்பை அறுத்து விடுங்கள். முக்குளிக்கிறவர் என்றால் குகை வாயிலை மறிக்காமல், துரத்தாமல், இரண்டு பக்க விலாவையும் படம் எடுத்து ஸ்பாட் எ ஷார்க் திட்டத்துக்கு அனுப்புங்கள். விலாவிலுள்ள பழுப்புப் புள்ளிகள் ஒவ்வொரு சுறாவுக்கும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால், எது எங்கே போய் எப்போது திரும்புகிறது என்பதை அந்தப் படங்களை வைத்தே தொடர்கிறார்கள். இங்கிருந்து நாங்கள் அனுப்பும் காசோலையைவிட அப்படி ஒரு படம் பெறுமதியானது என்பதை ராமேஸ்வரத்து நண்பரும் ஒப்புக்கொண்டார்.

குழு இன்னும் வாக்களிக்கவில்லை. வண்டுக்கு என்று முடிவானால் தொகையோடு ஒரு கடிதமும் போகும், வரைவு எழுதிவிட்டேன். பணம் நிலத்தைச் சீர்செய்யச் செலவாக வேண்டும் என்று ஒரு வரி. எத்தனை வண்டுகளை விட்டீர்கள் என்ற கணக்கு எங்களுக்கு வேண்டாம் என்று இன்னொன்று. அடுத்த ஜூன் மாதம் இரைப்பொறி வைத்துப் பிடித்து எண்ணும்போது, சிறகுமூடியில் வெட்டுக்குறி இல்லாதவை, அதாவது அந்த மண்ணிலேயே பிறந்து குளிர்காலத்தைத் தாண்டியவை எத்தனை என்று மட்டும் எழுதும்படி கேட்டிருக்கிறேன்.